மின்சார காரா, பெட்ரோல் காரா? வானகரத்தில் ஒரு பத்து வருஷக் கணக்கு

புது கார் வாங்கப் போறவங்க இப்போ எல்லாரும் கேட்கிற கேள்வி, "கரன்ட் வண்டி உண்மையிலேயே லாபமா?" என்பதுதான். ஷோரூமில் கேட்டால், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் ஆகும் என்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால், பேட்டரி போனால் எல்லாம் போச்சு என்பார்கள். பேப்பரும் பேனாவும் எடுத்து நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

வானகரத்தில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் தினமும் ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்குப் போகிறார். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும். இரண்டாமவருக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். மாதம் 400 கிலோமீட்டர் போதும். இருவரும் பார்ப்பது 8 லட்ச ரூபாய் பெட்ரோல் கார் ஒன்றும், 11 லட்ச ரூபாய் மின்சார கார் ஒன்றும்.

முதலில் வாங்குகிற அன்றைய செலவு. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள புதிய காருக்கு ஆயுள் சாலை வரி 13 சதவீதம். அதாவது பெட்ரோல் காருக்கு 1,04,000 ரூபாய். மின்சார காருக்கு வரிவிலக்கு நடப்பில் இருந்தால் பூஜ்யம். ஆக, 3 லட்சமாகத் தெரிந்த வித்தியாசம் 1,96,000 ஆகிவிடுகிறது. ஆனால் இந்த விலக்குக்கு எப்போதும் ஒரு கடைசித் தேதி உண்டு. 2023 மின்வாகனக் கொள்கையில் அது 31.12.2025. விலக்கு இல்லாத நாளில் பதிவு செய்தால், 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 18 சதவீதம், அதாவது 1,98,000 ரூபாய் கட்டணும். கணக்கே தலைகீழாகிவிடும். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி ஓட்டும் செலவு. பலர் தவறு செய்வது இங்கேதான். நம் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. இரண்டு மாத ரீடிங் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2024 ஜூலை கட்டணப்படி பில் 1,175 ரூபாய். முதலாமவர் வீட்டிலேயே சார்ஜ் போட்டால், 2,000 கிலோமீட்டருக்குச் சுமார் 300 யூனிட் கூடும். மொத்தம் 700. இப்போ பில் 3,825 ரூபாய்! 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரை கிடைத்த 2.35 ரூபாய் சலுகை விலை போய் 4.70 ஆகிவிடும், மேலே உள்ள யூனிட்டுகளுக்கு 8.40, 9.45 என்று போகும். ஆக, காருக்குப் போன கரன்ட் யூனிட்டுக்கு ஏறக்குறைய 8.80 ரூபாய். இலவச 100 யூனிட் காருக்கும் உதவும் என்று நினைக்காதீங்க, அதை ஃபிரிட்ஜும் ஏசியும் முன்னாடியே சாப்பிட்டாச்சு.

அப்படியும் 2,000 கிலோமீட்டருக்கு மின்சாரம் 2,650 ரூபாய்தான். லிட்டருக்கு 16 கிலோமீட்டர், பெட்ரோல் விலை 100 ரூபாய் என்றால், அதே தூரத்துக்குப் பெட்ரோல் 12,500 ரூபாய். வருஷத்துக்கு 59,000 ரூபாய் மிச்சம். மூணேகால் வருஷத்தில் கூடுதல் விலை திரும்பி வந்துவிடும். பத்து வருஷத்தில் கையில் நிற்பது சுமார் 3,95,000.

இரண்டாமவருக்கு? வருஷ மிச்சம் 23,800தான். போட்ட பணம் திரும்பவே எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். பத்து வருஷ முடிவில் 42,000 ரூபாய் லாபம். அந்தக் கூடுதல் தொகையை 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷக் கடனாக வாங்கினால், வட்டி மட்டும் 48,000. லாபம் காணாமல் போச்சு. மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பெட்ரோல் கார் ஒன்றும் முட்டாள்தனமான முடிவு இல்லை என்பேன்.

மின்சார காரில் ஆயில் மாற்றுவது கிடையாது, சர்வீஸ் செலவு குறைவு. மூன்றாம் நபர் காப்பீட்டிலும் சலுகை உண்டு: 1,000 முதல் 1,500 சிசி பெட்ரோல் காருக்கு 3,416 ரூபாய், 30 முதல் 65 கிலோவாட் மின்சார காருக்கு 2,904. ஆனால் வண்டி விலை அதிகம் என்பதால் சொந்த சேதக் காப்பீடு கூடும். எனவே இவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி தருகின்றன. முதலாமவர் எட்டு வருஷத்தில் ஓட்டுவது 96,000தான். அவருக்கு முதலில் முடிவது வருஷம். ஒன்பது, பத்தாம் வருஷ ஆபத்து அவருடையது. மழைக்காலத்தில் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறும் இடம் என்றால், வெள்ளச் சேதத்தில் பேட்டரிக்கும் காப்பீடு இருக்கிறதா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள்.

இத்தனையும் வீட்டில் சார்ஜ் போட முடிந்தால்தான். பொது சார்ஜரில் யூனிட்டுக்கு எல்லாம் சேர்த்து 20 ரூபாய் என்றால், முதலாமவரின் வருஷ மிச்சம் 39,000 ஆகக் குறையும்; முதல் திரும்ப ஐந்து வருஷம். உங்கள் பார்க்கிங்குக்கு வயர் இழுக்க அசோசியேஷன் சம்மதிக்குமா, உங்கள் மீட்டரில் இருந்தா பொது மீட்டரில் இருந்தா, வீட்டு இணைப்பின் லோடு போதுமா என்பதைக் கார் பார்க்கப் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். லோடு போதவில்லை என்றால் கூடுதல் லோடுக்கு மின்வாரிய இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கடைசி மூன்று ஈபி பில்லையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கால பில் அதில் கட்டாயம் இருக்கட்டும்.