மலை ரயிலும் பொன்மலைத் தொழிலாளரும்



தையல் இயந்திரம் பழுதானால் கடையில் உதிரிப்பாகம் வாங்குகிறோம். அதைச் செய்த கம்பெனியே இல்லாமற் போனால் என்ன செய்வது? நீலகிரி மலை ரயிலுக்கு நேர்ந்த சோதனை இதுவே.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், உதகைக்கு 1908-இலும் இப்பாதை திறக்கப்பட்டது. பன்னிரண்டு அடி சென்றால் ஓரடி உயரும் கடும் ஏற்றம் இதில் உண்டு. ஆகவே, தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்துள்ளனர். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்.

சுவிட்சர்லாந்து நாட்டின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்ட 'எக்ஸ்' வகை எஞ்சினில் நான்கு உருளைகள் உள்ளன. ஏற்றத்தில், முதல் இரண்டில் வேலை செய்த நீராவி வீணாகாமல் மற்ற இரண்டிற்கும் சென்று பற்சக்கரத்தைச் சுழற்றும்.

இதைப் பராமரிப்பது எளிதன்று. கொதிகலனில் உப்புப் படிந்தால் வெப்பம் நீரைச் சேராது, தகடு நலிந்துவிடும். அதனால் அடிக்கடி கழுவ வேண்டும்.

1952-க்குப் பின் அங்கிருந்து புதிய எக்ஸ் எஞ்சின் வரவில்லை. பின்னர் அக்கம்பெனியும் பிரிந்து கைமாறிற்று. பழையவை தேய்ந்தன; உதிரிப்பாகங்கள் கிடைக்கவில்லை.

கைகொடுத்தது நம் அண்டை ஊரான திருச்சியின் பொன்மலைப் பணிமனை! அங்குள்ள தொழிலாளர், எண்ணெயில் இயங்கும் புதிய எஞ்சினை 2011-இலும், நிலக்கரியில் இயங்குவதை 2021-இலும் உருவாக்கினர். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற ரயில் இன்றும் நீராவியில் மலையேறுகிறது.

தோழியரே, தெரிந்தவர் சொல்லாமலும், இளையவர் கேளாமலும் போனால் எந்த இயந்திரமும் வெறும் இரும்பே. மூத்தோரின் கைத்தொழிலைக் கேட்டறிவோம். ஏட்டில் எழுதி வைப்போம்!