ஊன்றி நிற்பவர்களுக்கும் ஜெபம் வேண்டும்

ஈப்போவில் நான் போகும் தமிழ்ச் சபையில், வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒரு பெயர்ப்பட்டியல் வாசிப்போம். மருத்துவமனையில் படுத்திருப்பவர்கள், எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகள், சிங்கப்பூரில் வேலை தேடும் வாலிபர்கள், வரன் அமையாத பெண்கள், குடியை விட முடியாமல் தவிப்பவர்கள் என்று நீளும். எல்லாமே நியாயமான ஜெபக்குறிப்புகள். அந்தப் பட்டியலை வாசித்து ஜெபத்தை நடத்தும் முதியவரின் பெயர் மட்டும் அதில் வந்ததே இல்லை. விசுவாசத்தில் பழுத்தவர்களுக்கு ஜெபம் எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பட்டியல் அதைத்தான் சொல்கிறது.

அவரை நாங்கள் ஆயா என்று கூப்பிடுவோம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும்; அதனால் விடியுமுன் வேலை தொடங்கும். அதற்கும் முன்னால் பெரட்டு, அதாவது ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது. பெரட்டுக்கும் முன்னால், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுப் பெயராகச் சொல்லி ஜெபித்திருக்கிறார். போதகர் மாதத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் பிள்ளைகளுக்கு வேதபாடம், சாவு வீட்டில் ஆறுதல், சண்டை போட்ட புருஷன் பெண்சாதிக்குப் புத்தி எல்லாம் இவரைப் போன்றவர்கள் பொறுப்பு. பேராவில் எத்தனையோ தோட்டச் சபைகள் இப்படித்தான் உயிரோடு இருந்தன.

பிறகு தோட்டங்கள் போயின. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடல், அப்புறம் ரப்பரை வெட்டிச் செம்பனை, அதன்பின் பல இடங்களில் வீடமைப்புத் திட்டம். லயத்துச் சனம் சிதறியது. புந்தோங்கிலும் சிலிபினிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறியவர்களோடு இந்த ஜெபவீரர்களும் வந்தார்கள். தோட்டத்தில் இவர்களைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்தது. ஒருவர் சோர்ந்தால் அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடும். இங்கே மூன்றாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யார் வீட்டில் பிரச்சினை என்றாலும் ஆயாவுக்குப் போன் வரும். அவர் யாருக்குப் போன் செய்வார்?

கொலோசெயருக்குப் பவுல் எழுதிய நிருபத்தை இந்தக் கேள்வியோடு வாசித்துப் பாருங்கள். அந்தச் சபையாரை அவர் நேரில் கண்டதில்லை. அவர்களுடைய விசுவாசத்தையும் அன்பையும் கேள்விப்பட்டு முதலில் நன்றி சொல்கிறார். நன்றாக இருக்கிறார்களே என்று அதோடு விட்டாரா? கேள்விப்பட்ட நாள்முதல் அவர்களுக்காக ஓயாமல் ஜெபிப்பதாக எழுதுகிறார். தேவசித்தத்தை அறியும் அறிவு, கனி தரும் நடத்தை, சந்தோஷத்தோடு கூடிய நீடிய பொறுமை ஆகியவற்றை அவர்களுக்காகக் கேட்கிறார். கடைசி அதிகாரத்தில் எப்பாப்பிரா வருகிறார். கொலோசெ ஊர்க்காரர். தன் சனம் தேறினவர்களாய் நிலைநிற்க வேண்டும் என்று ஜெபத்தில் போராடுகிற மனிதர். லவோதிக்கேயா, எராப்போலி ஊர்க்காரர்களுக்காகவும் அவர் பாடுபடுவதாகப் பவுல் சாட்சி கொடுக்கிறார். இவ்வளவு எழுதிய பவுலே, எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று அதே அதிகாரத்தில் அவர்களிடம் கேட்கிறார்.

ஆனால் உங்களுக்காக என்ன ஜெபிக்க வேண்டும் என்று நாம் கேட்டால் மூத்த விசுவாசிகள் எளிதில் வாய் திறக்க மாட்டார்கள். "எனக்கென்னப்பா குறை, கர்த்தர் நல்லா வச்சிருக்காரு" என்று முடித்துவிடுவார்கள். அதனால் "எப்படி இருக்கீங்க" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். "இந்த வாரம் எந்த வசனத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க ஆயா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "வசனம் இருக்குப்பா, வாய்தான் வரல. முழங்கால் போட்டா காலு வலிக்குது, உக்காந்து ஜெபிச்சா தூக்கம் வருது. பேரன் சபைப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் ஜெபிச்சேன், என் வீட்டுப் பிள்ளை நிக்கலையேன்னு ஒரு வெக்கம்." கேட்கும் விதத்தை மாற்றியதும் வந்த பதில் இது. உங்கள் சபை மூத்தவரிடமும் வசனத்திலிருந்து தொடங்குங்கள். உடம்பைப் பற்றிக் கேட்டால் மருந்துப் பெயர்தான் வரும்.

அன்று அவர் கையைப் பிடித்து ஜெபித்தேன். சுருக்கமாகத்தான். முழங்கால் வலிக்காகவும் வேண்டினேன், அது தப்பில்லை. ஆனால் பவுல் கேட்டதையே அவருக்கும் கேட்டேன்: அறிவு பெருக வேண்டும், பொறுமையில் சந்தோஷம் வேண்டும், வெட்கம் நீங்க வேண்டும். பேரனுக்காக நான் ஜெபிக்கிறேன், அந்தச் சுமையை நீங்கள் கொஞ்சம் இறக்கி வையுங்கள் என்று அவரிடமே சொன்னேன். ஜெபிக்கத் தெரியவில்லை என்பவர்களுக்கு இதுதான் வழி: கொலோசெயர் முதல் அதிகாரத்தையோ எபேசியர் மூன்றாம் அதிகாரத்தையோ திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் பெயரைச் சேர்த்து மெதுவாக வாசியுங்கள். சொந்த வார்த்தை தானாக வரும். ஒரு எச்சரிக்கை: ஜெபித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் "முடிவு ஜெபம் நீங்க பண்ணுங்கம்மா" என்று அவர்களிடம் தள்ளாதீர்கள். ஒரு தடவையாவது வாங்கிக்கொள்கிறவர்களாக இருக்கட்டும்.

முதிர்ந்தவர்களுக்கென்றே சில சோதனைகள் உண்டு. யூதாவை ஆண்ட ஆசா ராஜாவின் கதையை இதற்காகவே நான் திரும்பத் திரும்ப வாசிப்பேன். எத்தியோப்பியனான சேரா பெரும் சேனையோடு வந்தபோது, பலமில்லாதவனுக்கு உதவி செய்கிற தேவன் என்று கூப்பிட்டு ஜெயித்தவர் அவர். அரசாண்ட 36ஆம் வருஷத்தில் சீரியா ராஜாவின் உதவியை வெள்ளியும் பொன்னும் கொடுத்து வாங்கினார். தவறைச் சொன்ன ஞானதிருஷ்டிக்காரனைக் காவலறையில் போட்டார். 39ஆம் வருஷத்தில் கால் நோவு வந்தபோதும் கர்த்தரைத் தேடவில்லை. அவர் ஆரம்பத்தில் விழவில்லை என்பதைக் கவனியுங்கள். நெடுங்காலம் நன்றாக ஓடிய பிறகு விழுந்தார். எங்கள் சபைகளிலும் இதன் சாயலை நான் பார்க்கிறேன். பழைய அனுபவமே போதும் என்ற நினைப்பு, இளையவர்களின் பாட்டும் கிதாரும் பிடிக்காமல் வரும் கசப்பு, கமிட்டியில் தன் சொல் எடுபடவில்லை என்ற மனத்தாங்கல், ஜெபம் உதட்டுப் பழக்கமாகிப் போவது. இவற்றைப் பற்றிப் பின்னால் பேசுவதை நிறுத்திவிட்டுப் பெயர் சொல்லி ஜெபித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அப்படிப்பட்ட ஜெபத்தைச் சபை நடுவில் செய்ய வேண்டாம். தனியே, கதவைப் பூட்டிக்கொண்டு செய்யுங்கள்.

மூத்தவர்களுக்கான இந்த ஜெபத்தில் இளையவர்களைச் சேர்ப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வாலிபர் கூட்டத்தில் ஆளுக்கொரு மூத்தவரைக் கொடுத்தோம். வாரத்தில் ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும், ஜெபிக்க வேண்டும். தமிழ் சரளமாக வராத பிள்ளைகள் தயங்கினார்கள். மலாயும் ஆங்கிலமும் கலந்து ஜெபித்தாலும் கர்த்தருக்குப் புரியும் என்று சொல்லி அனுப்பினோம். போன பிள்ளைகள் திரும்பி வந்து, பெரட்டு என்றால் என்ன, லயம் எப்படி இருக்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள். நமக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர்களின் கதை அந்த வழியாகவும் அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

ஜெபப் பட்டியல் தயாரிப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. வாரத்துக்கு ஒரு மூத்த விசுவாசியின் பெயரைச் சேருங்கள். பக்கத்தில் காரணம் எழுத வேண்டாம். என்ன ஆச்சு, ஆஸ்பத்திரியா என்று யாராவது கேட்டால், ஒன்றும் ஆகவில்லை, இனியும் நிலைநிற்க வேண்டும் என்பதற்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லுங்கள்.