இரத்தக் காட்டேரிக்கும் இதயம் உண்டோ?

காட்டேரி என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் உடல் நடுங்குகிறது. கூரிய பற்களும் வெளிறிய முகமும் கருப்பு அங்கியுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. இத்தகைய கொடியவன் ஒருவனுக்குள் மனித உணர்ச்சி இருக்க முடியுமா? அயர்லாந்தில் பிறந்த பிராம் ஸ்டோக்கர் 1897-ஆம் ஆண்டு வெளியிட்ட 'டிராகுலா' என்னும் ஆங்கில நாவலைக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண்போம்.

இக்கதை நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் பின்னப்பட்டது. அவற்றை எழுதுவோரில் பெரும்பாலோர் டிராகுலாவால் துன்புற்றவர்கள். அவன் எழுதிய நாட்குறிப்பு எதுவும் நூலில் இல்லை. ஆகவே அவன் உள்ளத்தைப் பிறர் எழுத்தின் வழியேதான் நாம் அறிய வேண்டும்.

ஜோனதன் ஹார்க்கர் என்னும் இளம் வழக்கறிஞர், டிராகுலா பிரபு இங்கிலாந்தில் வீடு வாங்கும் காரியமாக டிரான்சில்வேனியாவிலுள்ள அவனது கோட்டைக்குச் செல்கிறார். அவ்வளவு பெரிய கோட்டையில் ஒரு வேலைக்காரன்கூட இல்லை. பிரபுவே விருந்தினருக்குப் படுக்கை விரிக்கிறான். உணவும் எடுத்து வைக்கிறான். இறந்தவர்களை எண்ணிப் பல்லாண்டு துயருற்ற தன் நெஞ்சுக்குக் களிப்பு ஒத்துவராது என்கிறான். தானும் அன்பு செலுத்தக் கூடியவனே என்று மற்றோரிடத்தில் மெல்லிய குரலில் சொல்கிறான். இவை கல்நெஞ்சன் பேசும் சொற்களா?

எனினும் நாம் ஏமாந்துவிடலாகாது. இதே டிராகுலாதான் லூசி என்னும் இளம்பெண்ணின் உயிரைக் குடிக்கிறான். அவளுடைய தோழியும் ஜோனதனின் மனைவியுமாகிய மினாவையும் தாக்குகிறான். தன் இழப்புக்காக வருந்தத் தெரிந்தவனுக்குப் பிறர் வீட்டில் தான் விளைக்கும் இழப்பு உறைக்கவில்லை. அவனுடைய துயரம் உண்மையானதே. ஆனால் அது அவனைத் திருத்தவில்லை.

அவனுக்காக இரங்கியவள் யார் தெரியுமா? அவனால் மிகவும் காயப்பட்ட மினாவே! அவளைக் காக்க எண்ணிப் பேராசிரியர் வான் ஹெல்சிங் நற்கருணை அப்பத்தை அவள் நெற்றியில் வைத்தபோது, அது சுட்டு வடுவாகிவிட்டது. அவளும் காட்டேரியாக மாறக்கூடும் என்பதற்கு அதுவே அடையாளம். அன்றே அவள், டிராகுலாவை அழிக்கத் துடிக்கும் ஆண்களை நோக்கி, இது வெறுப்பினால் செய்யும் செயல் ஆகக்கூடாது என்று வேண்டுகிறாள். இத்தனை துன்பம் விளைத்த அந்த ஆன்மாவே எல்லாரிலும் பரிதாபமானது என்கிறாள். கணவர் கொதித்தெழுகிறார். நாளை தனக்கும் இதே இரக்கம் தேவைப்படலாமே, அப்போது அது மறுக்கப்பட்டால் தன் கதி என்ன என்று அவள் கேட்கிறாள். அவனை உயிரோடு விடுங்கள் என்று அவள் ஒருபோதும் கேட்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

கதையின் இறுதியில், கதிரவன் மறையும் வேளையில் கத்திகள் பாய்ந்து டிராகுலா தூளாகிப் போகிறான். அந்தக் கணத்தில் அவன் முகத்தில் தோன்றிய அமைதியைக் கண்டு எழுதி வைப்பவளும் மினாவே. அவளுடைய நெற்றி வடுவும் மறைந்துவிடுகிறது.

அன்புத் தோழியரே! "இவளுக்கு மனமே இல்லை" என்று நாம் ஒதுக்கி வைக்கும் ஒருத்தி நம்மிடையேயும் இருக்கலாம். அவள் செய்யும் தீங்கைத் தடுப்பது நம் கடமை. தடுக்கும்போதே, அவளும் எதையோ இழந்து வருந்துபவளாக இருக்கக்கூடும் என்பதை மறவாதிருப்போம். அந்த இரக்கம் ஒருநாள் நமக்கும் தேவைப்படும்.