கோடையில் திறக்கும் பல்கலைக்கழகக் கதவுகள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிதம்)

ஏப்ரல் 15ஆம் நாள் தொடங்கி ஜூன் 14ஆம் நாள் வரை நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்று அரசு தடை விதித்திருக்கிறது. இந்த 61 நாட்களுக்குள்தான் பள்ளிகளின் கோடை விடுமுறையும் வந்து சேர்கிறது. விசைப்படகில் தொழிலாளியாகச் செல்லும் என் தந்தைக்கு அந்நாட்களில் வலை பொத்துவதும் படகுக்கு வர்ணம் அடிப்பதுமே வேலை. பள்ளி நாட்களில் நானும் உடன் இருப்பேன். விடுமுறையில் ஒரு பள்ளி மாணவன் பல்கலைக்கழகத்திற்குப் படிக்கச் செல்வான் என்பது அன்று எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே சொல்வாரும் இல்லை.

கல்லூரிக்கு வந்தபின் எண்ணியல் பாடத்திற்காகத் தேடிப் படித்தபோதுதான் ஆர்னால்டு ராஸ் என்ற பேராசிரியரைப் பற்றி அறிந்தேன். அமெரிக்காவின் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கோடையில் வரவழைத்து எண்ணியல் கற்பிக்கத் தொடங்கினார் அவர். அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியது. தாங்கள் பின்தங்கிவிட்டோமோ என்று அஞ்சிய அமெரிக்கா, அறிவியல் கல்விக்குப் பணத்தை வாரி இறைத்தது. கோடை வகுப்புகளும் பெருகின. ராஸ் 1963இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திற்கு மாறினார்; 1964இல் வகுப்பும் அவரைத் தொடர்ந்து சென்றது. 2002இல் அவர் மறைந்தார். அவர் பெயரிலான அந்த வகுப்பு மறையவில்லை.

அங்கே பாடம் நடத்தும் முறை நமக்குப் புதிது. நாள்தோறும் ஒரு தாள் நிறையக் கணக்குகள் தருவார்கள். சிலவற்றில் ஒரு கூற்று மட்டும் இருக்கும். அது மெய்யானால் நிறுவ வேண்டும்; பொய்யானால் பொய் என்று காட்டி, அதிலே காப்பாற்றத்தக்கது ஏதேனும் உண்டா என்றும் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நம் வகுப்பறையில் தவறான விடைக்குச் சிவப்புக் கோடு போட்டதும் கதை முடிந்துவிடுகிறது அல்லவா?

அத்தகைய பாடம் ஒன்றைச் சற்றுச் செய்து பார்ப்போம். கிழமைகள் ஏழு. இன்று ஞாயிறு என்றால் 100 நாள் கழித்து என்ன கிழமை? நூறை ஏழால் வகுத்தால் மீதி 2, ஆகவே செவ்வாய். மீதியை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டலாம் என்றால் பெருக்கவும் செய்யலாம் அன்றோ? மூன்றை எடுத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் மூன்றால் பெருக்கி, ஏழால் வகுத்த மீதியை எழுதுவோம்: 3, 2, 6, 4, 5, 1. ஒன்று முதல் ஆறு வரை ஒன்று விடாமல் வந்துவிட்டன. எனவே "எந்த எண்ணில் தொடங்கினாலும் எல்லாம் வரும்" என்று கூறிவிடலாமா? இரண்டில் தொடங்குங்கள்: 2, 4, 1. மீண்டும் 2. மூன்றே எண்கள்! கூற்று பொய். ஆனால் காப்பாற்ற ஒன்று உண்டு: இரண்டு வழியிலும் இறுதியில் 1 வந்தது. ஆறு, மூன்று என்ற இவ்விரு சுற்றுகளின் நீளமும் ஆறை மீதியின்றி வகுக்கின்றன. இது தற்செயலா?

இனி ஏழை விட்டுக் கடிகாரத்தின் பன்னிரண்டுக்கு வருவோம். 3ஐ 4ஆல் பெருக்கினால் 12, மீதி பூச்சியம். இரண்டு எண்களில் எதுவுமே பூச்சியமில்லை, பெருக்கினால் பூச்சியம்! ஏழில் இந்தத் தொல்லை நேராது. ஏன் என்று தேடிச் செல்பவன் பகா எண்களின் வாசலில் போய் நிற்பான். பதினான்கு வயதுச் சிறுவனுக்கும் இதற்கு வேண்டிய முதல், வாய்ப்பாடு மட்டுமே. எனக்கு இது பத்தொன்பது வயதில்தான் வாய்த்தது.

நம் நாட்டிலும் இம்முயற்சிகள் புதியவை அல்ல. 1963இல் டில்லியில் மட்டும் பத்து உதவித்தொகைகளுடன் தொடங்கிய தேசிய அறிவியல் திறனறித் திட்டம் மறு ஆண்டே நாடெங்கும் விரிந்தது. 1999இல் கிஷோர் வைக்யானிக் புரோத்சாகன் யோஜனா வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம் அதனை நடத்திற்று. ஆனால் அதன் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழில் படித்த மாணவன் அறிவியலோடு மொழியையும் வெல்ல வேண்டியிருந்தது. 2021இல் நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இதற்காக வழக்குத் தொடுத்தார். நவம்பர் 7ஆம் நாள் நடக்கவிருந்த தேர்வு தள்ளிப்போயிற்று. 2022இல் அத்திட்டமே இன்ஸ்பயர் திட்டத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது. கேட்ட கேள்விக்கு விடை வருமுன் கேள்வித்தாளே போய்விட்டது.

இன்ஸ்பயர் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பத்தாம் வகுப்பில் முதல் ஒரு விழுக்காட்டில் வந்து, பதினோராம் வகுப்பில் அறிவியல் எடுத்தவர்களுக்கு ஐந்து நாள் முகாம் நடத்துவது அதன் ஒரு பகுதி. முதல் ஒரு விழுக்காடு என்றால் நான் அந்தப் பக்கமே இல்லை.

ஒன்பதாம் வகுப்பினர்க்கு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2019 மே மாதம் தொடங்கிய இரண்டு வார 'யுவிகா' முகாம் என் மனத்திற்கு நெருக்கமானது. இரயில் கட்டணம், தங்குமிடம், உணவு யாவும் அவர்கள் செலவு. முதல் ஆண்டில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஒன்றியப் பகுதிக்கும் மூவர் என்று அழைத்தார்கள். அதாவது புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் என்ற நான்கு ஊர்களுக்குச் சேர்த்து மூன்று பிள்ளைகள்! 2023இல் நாடு முழுவதற்கும் சுமார் 350 இடங்கள் ஆயின. தேர்வு செய்யும்போது எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 விழுக்காடு தந்தாலும், ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பவர்க்கு 15 விழுக்காடு ஒதுக்கியிருந்தார்கள். இது சலுகையன்று, நியாயம் என்பேன். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பெருந்தொற்றுக் காலம், முகாமே நடைபெறவில்லை. ஆகவே என் வருத்தத்தை யார் மீதும் ஏற்றுவதற்கில்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கோடை வகுப்பு என்றதும் மயங்குவோர் உண்டு. அவற்றுள் பல, ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் வாங்குபவை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. போலக் கல்விக் கட்டணமே வாங்காதவையும் உள்ளன. அவற்றில் இடம் கிடைப்பது அரிது. இருவகையும் நம் தெருவுக்குத் தூரமே.

அருகில் என்ன உண்டு? திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் காரைக்காலில் உள்ளது. நம் கல்லூரியும் உள்ளது. மே மாதத்தில் நம் வகுப்பறைகளில் கரும்பலகை சும்மா இருக்கிறது. பத்து நாள், நாளைக்கு மூன்று மணி நேரம், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேர், ஒரு வேளைச் சாப்பாடு: இவ்வளவு போதும். ஆசிரியப் பெருமக்கள் ஒப்பினால் இரண்டாம் ஆண்டு மாணவர்களாகிய நாங்கள் கணக்குத் தாள்களை எழுதித் தரவும் திருத்தவும் ஆயத்தம். சாப்பாட்டுக்குத்தான் வழி தேட வேண்டும். தடைக்காலத்தில் எங்கள் தெருவில் மீன் கேட்க முடியாது.

என் சித்தப்பா மகள் கொம்யூன் பஞ்சாயத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். யுவிகா பற்றிச் சொன்னேன். "பொம்பளப் புள்ளைய ரெண்டு வாரம் எங்கேயோ எப்படி அனுப்புறது?" என்றார் சித்தி. சித்தப்பா ஒன்றும் கூறாமல் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் எங்கே என்று மட்டும் சிறிது நேரம் கழித்துக் கேட்டார். அவளோ ஏழின் கணக்கை நோட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணே, நாலுல ஆரம்பிச்சாலும் மூணுதான் வருது. அஞ்சுல ஆரம்பிச்சா ஆறும் வருது. ஏண்ணே?" என்றாள். நான் விடையைச் சொல்லவில்லை.