தஞ்சையில் ஒரு கற்பாடம்

சிறுபொருளே உடைய மாணாக்கர் இருநாளிற் கண்டு பயன்கொள்ளத் தக்க நகரம் தஞ்சை. சாதாரண இரயில் வண்டியிற் சென்ற யாம், கட்டுச்சோறு உண்டு, கால்நடையாகவே ஆலயங்களைக் கண்டோம்.

சிவகங்கைத் தோட்டத்தருகே சுவார்ட்சு ஐயர் 1779-இல் எழுப்பிய ஆலயம் உளது. அதனுள் ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மன் சலவைக்கல்லிற் செதுக்கிய காட்சியொன்று விளங்குகின்றது. 1798-இல் மரணப்படுக்கையிற் கிடந்த ஐயரின் கையை இரண்டாம் சரபோஜி மன்னர் பற்றிநிற்கின்றார். அதனை அமைப்பித்தவரும் அம்மன்னரே. இளமையில் தமக்குக் காவலாய் நின்று, அரசுரிமைக்காகப் பரிந்து பேசிய ஆசானை அவர் மறந்திலர். தம் சமயத்தையும் துறந்திலர்.

பின்னர், ஐயர் அடக்கமான புனித பேதுரு ஆலயத்தையும் கண்டு வணங்கினோம்.

செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரத்தை வகுப்பிற் பயின்ற யாம், அதற்கோர் உரையைக் கல்லிற் கண்டோம். நன்றியறிவுக்குச் சமயவேலி இல்லை என்பதே அவ்வுரை. மாணாக்கரே, நீவிரும் சென்று காண்மின்!