முதல் மார்க்கரை ஒட்டப் போகும் உனக்கு

கண்ணு,

நடை ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று நீ போனில் சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம். இத்தனை வருடத்தில் நான் செய்த பிழைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது இன்னொரு பக்கம். இரண்டு வீடியோ கேமராவோடு ஆரம்பித்தவன் நான். வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தை ஒவ்வொன்றாக நிறுத்தி, முட்டி இங்கே, கணுக்கால் இங்கே என்று கையால் புள்ளி குத்திக் கணக்கெடுத்த காலம் அது. உனக்கு எட்டு அகச்சிவப்புக் கேமராக்கள் வாய்த்திருக்கின்றன. புள்ளிகளை அவையே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தப் புள்ளியாக மின்னும் சின்ன உருண்டையை, மார்க்கரை, பிள்ளையின் காலில் ஒட்டுவது இன்றைக்கும் ஒரு மனிதக் கைதான். அந்தக் கைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. ஆள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நீ போய்விடு. கேமராக்களைப் போட்டுவிட்டுச் சூடேற விடு. செருப்பைக் கழற்றிவிட்டு நடைபாதையில் நீயே இரண்டு தரம் நடந்து பார். பிறகு திரையைப் பார். ஒரு மார்க்கரும் இல்லாத கூடத்தில் ஒரு புள்ளியும் தெரியக் கூடாது. தெரிந்தால் தேடு. சுவரோரம் இருக்கும் எவர்சில்வர் வாளியாக இருக்கும், யாரோ கழற்றி வைத்த ஷூவின் பளபளப்புப் பட்டையாக இருக்கும், சாயங்காலமானால் மேற்கு ஜன்னல் வெயிலாக இருக்கும். அந்த இடத்தை மட்டும் மென்பொருளில் மறைத்துவிட வசதி உண்டு. சுலபம்தான், ஆனால் மறைத்த இடத்தில் அந்தக் கேமராவுக்குக் குருடு விழுந்துவிடும். பிள்ளையின் கணுக்கால் அங்கே வரும்போது அதுவும் தெரியாது. எழுந்து போய் வாளியை எடுத்து வெளியே வை.

2. கேமரா நிற்கும் முக்காலியின் மூன்று கால்களிலும் மணல் மூட்டை போடு. கால் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டி அடையாளம் செய். இதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வருவது வேறு. ஒரு நாள் நான் அவசரமாகத் திரும்பும்போது இடுப்பு ஒரு கேமராவின் காலில் இடித்தது. மயிரிழைதான் நகர்ந்திருக்கும். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். எந்தக் கேமரா எங்கே நிற்கிறது என்று கணினிக்குக் கற்றுத்தரும் காலிப்ரேஷனை மறுபடி செய்யக் கால் மணி நேரம் ஆகும். யாரும் பார்க்கவில்லை, நானும் பேசாமல் இருந்துவிட்டேன். சாயங்காலம் கணக்குப் போட்டபோது அன்றைய அளவுகள் ஒன்றும் தேறவில்லை. ஒரு பையனைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவன் அப்பா இரண்டு பஸ் மாறி, மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மறுபடியும் வந்தார். ஒரு நாள் கூலி போயிருக்கும். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதனால் சொல்கிறேன்: கேமராவை இடித்துவிட்டால் அந்த நிமிடமே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இடித்துவிட்டேன்" என்று சொல்லிவிடு. சொன்ன பிறகு மறுபடி காலிப்ரேஷன் செய்யாமல் இருக்க உனக்கே மனசு வராது.

3. காலிப்ரேஷன் கோலைக் கூடத்தின் நடுவில் மட்டும் வீசிவிட்டு முடித்துக்கொள்ளாதே. பாதம் படும் தரையிலிருந்து தலை எட்டும் உயரம் வரை, நடைபாதையின் இரண்டு முனை வரை, மூலை மூலையாகக் கொண்டு போ. உடம்பு எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் கோல் போயிருக்க வேண்டும். முடிந்ததும் அதே கோலைத் தெரியாத பொருள் மாதிரி நினைத்து அளந்து பார். அதன் இரண்டு உருண்டைகளுக்கு நடுவே 500 மில்லிமீட்டர் என்றால் திரையும் 500 என்று சொல்ல வேண்டும். புள்ளி தப்பினால் கோலம் தப்பும் என்று உன் பாட்டி வாசலில் சொன்னது இங்கேயும் செல்லும்.

4. ஒரே ஒரு கேமரா சொல்வதை முழுதாக நம்பாதே. 1995 டிசம்பர் 26, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம். இலங்கையின் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரன் பந்து வீசுகிறார், கையை மடக்கி எறிகிறார் என்று நடுவர் ஏழு முறை நோபால் கொடுக்கிறார். டிவியில் பார்த்த பலருக்கும் எறிகிற மாதிரிதான் இருந்தது. பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை அவருடையது. மடங்கியே இருக்கிற கை தோளோடு சேர்ந்து சுழலும்போது, ஒரு பக்கமிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது மடங்கி நீள்வது போலத் தெரியும். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அவர் கையில் மார்க்கர் ஒட்டி, பல கேமராக்களில் பிடித்து, முப்பரிமாணத்தில் கணக்கிட்டபோதுதான் கண்ணுக்குத் தெரிந்தது வேறு, கை செய்தது வேறு என்று அளந்து காட்ட முடிந்தது. பந்தை விடும்போது முழங்கை 15 டிகிரி வரை நீளலாம் என்ற இன்றைய விதி 2005இல் வந்ததும் இப்படிப்பட்ட அளவுகளால்தான். ஒரு மனிதனின் பெயரே ஒரு கோணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, கண்ணு. நீ அளக்கும் கோணத்தில் என்ன தொங்குகிறது என்பது அளக்கும்போது உனக்குத் தெரியாது.

முகாமுக்குப் போகும் நாளில் கையில் ஒரு கேமராதான் இருக்கும். அப்போது அதை நடக்கும் பாதைக்கு நேர் செங்குத்தாக, ஆளின் இடுப்பு உயரத்தில் வை. கிட்டே வைக்காதே. எட்ட வைத்து ஜூம் செய், ஓரங்களில் கோணம் திரிவது குறையும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடு. சட்டத்துக்குள் ஒரு தூக்குக்குண்டைத் தொங்க விடு, எது நேர்க்கோடு என்று பிறகு சண்டை வராது. இரண்டு கேமரா கிடைத்தால் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 90 டிகிரி இருக்கட்டும்.

5. இது எல்லாவற்றையும்விடப் பெரிது, நிதானமாகப் படி. மார்க்கரைத் தோலில் ஒட்டுகிறோம், ஆனால் அது எலும்புக்காகப் பேச வேண்டும். ஆகவே கண்ணால் தேடாதே, விரலால் தேடு. இடுப்பு எலும்பின் முன்முனையைக் கட்டைவிரலால் கீழிருந்து மேலே தடவிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் விரல் முட்டி நிற்கும். அதுதான் இடம். முட்டியின் வெளிமுண்டைத் தேடும்போது படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் மடக்கி நீட்டச் சொல். சுற்றியுள்ள தோல் நகரும், அச்சு மட்டும் ஏறக்குறைய நகராமல் நிற்கும். பேனாவால் ஒரு புள்ளி வை. காலை ஊன்றி நிற்கச் சொல்லி மறுபடி தொட்டுப் பார். படுத்திருந்த போது வைத்த புள்ளி நின்றால் வேறிடத்தில் இருக்கும்.

நான் ஒரு முறை தொடை மார்க்கரை ஒட்டும்போது விரலால் தேடுவதை விட்டுவிட்டு, 'இத்தனை வருடமாக ஒட்டுகிற கைதானே' என்று ஒட்டினேன். இரண்டு விரல் முன்னால் போய்விட்டது. மூளை முடக்குவாதம் உள்ள சின்னப் பெண் அவள். கால் உள்பக்கம் திரும்பித்தான் நடந்தாள். அளவு வந்தது. தொடை எலும்பு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற கோடு தப்பாக வந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான், எலும்பை வெட்டித் திருப்பி வைக்கும் ஆபரேஷனில் எத்தனை டிகிரி திருப்புவது என்று பேசுவார்கள். படத்தைப் பார்த்த மருத்துவர் அந்தக் கோட்டை விட்டுவிட்டு முட்டியின் கோட்டில் விரலை வைத்தார். காலைத் தூக்கி வீசும்போது மட்டும் முட்டி பக்கவாட்டில் இருபது டிகிரிக்கு மேல் சாய்ந்தது. "இந்த முட்டி இப்படிச் சாய வழியே இல்லையே," என்றார். அவ்வளவுதான் சொன்னார். முட்டி மடங்கும் அச்சு தப்பாகப் பதிந்தால் மடங்குவதில் ஒரு பங்கு, சாய்வது போலக் கணக்கில் ஒழுகி வரும். அந்த ஒழுகலைப் பார்த்ததும் எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. மறுநாள் அவளை மறுபடி அளந்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவுக்கும் முதலில் முட்டியின் பக்கக் கோட்டைப் பார்க்காமல் நான் யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. நீயும் அனுப்பாதே.

6. வருவதற்கு முதல் நாளே போன் செய்து, காலையில் பிள்ளைக்குக் காலில் எண்ணெய் தேய்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடு. டாக்டரிடம் போகிறோமே என்று நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிட்டுத்தான் கூட்டி வருவார்கள். அது அன்பு. ஆனால் டபுள் சைடு டேப் ஒட்டாது. கொலுசும் வெள்ளி அரைஞாணும் கேமராவுக்கு மார்க்கர் மாதிரியே மின்னும். கழற்று என்று அதட்டாதே. கொலுசைக் கழற்ற மாட்டேன் என்று அழுத ஒரு குழந்தைக்கு, எங்கள் கூடத்து நர்ஸ் வெள்ளைக் காகிதப் பிளாஸ்டரைக் கொலுசின் மேல் சுற்றிக்கொண்டே, "அதுக்குக் குளிருதாம், போர்த்தி விடலாமா?" என்று கேட்டார். குழந்தை தானே மற்றக் காலையும் நீட்டியது. பிளாஸ்டர் சுற்றிய கொலுசு மின்னவில்லை.

பெரிய பெண்பிள்ளைகள் அரைக்கால் சட்டையில் நிற்கக் கூசுவார்கள். திரைச்சீலை இருக்கட்டும், அம்மா பக்கத்தில் இருக்கட்டும், வேலையில்லாத ஆண்கள் யாரும் கூடத்தில் இருக்க வேண்டாம். தொடும் முன் சொல்: "இப்போ இடுப்பு எலும்பைத் தொடப் போறேன்." கூசிக் குறுகிய உடம்பு அதன் சொந்த நடையை நடக்காது. அளவுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியும்.

7. வெளிச்சம் பற்றிச் சுருக்கமாக. சாதாரண வீடியோவில் ஓட்டத்தைப் பிடிப்பதானால் ஷட்டரை 1/500 அல்லது அதற்கும் குறுக்கு. இல்லையென்றால் பாதம் புகையாகத் தெரியும். ஷட்டர் குறுகக் குறுக வெளிச்சம் கூட வேண்டும். நடைக்கு வினாடிக்கு 100 பதிவு தாராளம். வேகப்பந்து வீச்சென்றால் 250க்குக் கீழே இறங்காதே.

8. பொறுமை. 1890களில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தில் பிரவுனே, ஃபிஷர் என்று இரண்டு பேர், ஒரு மனிதனின் கை கால்களில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டு, நான்கு கேமராக்களில் படம் பிடித்தார்கள். அவன் நடந்தது சில அடிகள். குழாய்களைக் கட்டப் பல மணி நேரம், கணக்குப் போட்டு முடிக்க வருடங்கள். முப்பரிமாணத்தில் மனித நடையை முதன்முதலில் முழுதாக அளந்தவர்கள் அவர்கள். உனக்குச் சில நிமிடத்தில் கோடு வந்துவிடும். மிச்சப்பட்ட அந்த நேரத்தைக் குழந்தைக்குக் கொடு. கேமரா முன்னால் எந்தக் குழந்தையும் முதல் மூன்று தடவை பரீட்சை எழுதுகிற மாதிரிதான் நடக்கும். 'நல்லா நட கண்ணா' என்று சொல்லாதே, அவன் நல்லா நடக்க முயல்வான், நமக்கு வேண்டியது அவன் நடை. நான் பாதையின் கோடியில் பாட்டியை உட்கார வைத்து, "போய் பாட்டிகிட்ட மணி என்னன்னு கேட்டுட்டு வா" என்று அனுப்புவேன். ஐந்தாவது தடவை போகும்போது அவனுக்குக் கேமரா மறந்திருக்கும்.

9. நடக்கும்போது கை வீசி இடுப்பு மார்க்கரை மறைக்கும். ஒரு புள்ளி தெரிய இரண்டு கேமராவாவது அதைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கோட்டில் ஓட்டை விழும். சின்ன ஓட்டையைக் கணினி நிரப்பித் தரும். இரண்டு பக்கமும் தரை தெரிகிற சிறு பள்ளத்தைத் தாண்டுவது போல அது. ஆனால் பாதி அடியே காணாமல் போன இடத்தில் அழகாக ஒரு வளைவை வரைந்து கொடுக்கச் சொன்னால் அதையும் கணினி மறுக்காமல் வரையும். அதை நீ ஏற்காதே. அழகான கோட்டைப் பார்த்தால் சந்தேகப்படு. குழந்தை இன்னும் கூடத்தில் இருக்கும்போதே ஓட்டையைத் தேடு, மறுபடி நடக்கச் சொல்லலாம். நிரப்பியதை நிரப்பியது என்று அறிக்கையில் எழுது.

10. எந்த நாளும் சாதாரண வீடியோ ஒன்றைப் பக்கத்தில் ஓட விடு. ஸ்வீடனில் குன்னார் யோஹான்சன் என்பவர் மூட்டுகளில் சில விளக்குகளை மட்டும் வைத்து இருட்டில் ஆளை நடக்கவிட்டார். பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகள்தான், பார்த்தவர்கள் உடனே மனிதன் நடக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். 1973இல் வந்த ஆய்வு அது. அத்தனை சொல்லும் புள்ளிகளும் ஒன்றைச் சொல்லாது: திரும்பும்போது அந்தப் பிள்ளை உதட்டைக் கடித்தது. அது வீடியோவில்தான் இருக்கும். இல்லையென்றால் உன் கண்ணில்.

11. ஒரு நோட்டு வைத்துக்கொள். எந்தக் கை ஒட்டியது, எந்த மார்க்கர் நடுவில் விழுந்து மறுபடி ஒட்டப்பட்டது, பிள்ளை அன்று காய்ச்சலோடு வந்ததா. ஆறு மாதம் கழித்து அதே பிள்ளை வரும்போது உன் ஞாபகம் உன்னைக் கைவிடும், நோட்டு கைவிடாது.

12. மார்க்கரைப் பிய்க்காதே. ஓரத்தில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டு, தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு மெதுவாக உரி. மெலிந்த கால்களின் தோல் காகிதம் மாதிரி இருக்கும். பிறகு கையைத் துடைத்துவிட்டு உருண்டைகளை எண்ணி டப்பாவில் போடு, எண்ணெய்க் கை பட்டால் மேல்பூச்சு மங்கி, கேமராவுக்குத் தெரியாமல் போகும். மங்கிப்போனவற்றை எறிந்துவிடாமல் தனியாக ஒரு டப்பாவில் சேர்த்து வை. போகும்போது ஏதாவது ஒரு பிள்ளை அந்தச் சாம்பல் நிற உருண்டையையே பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த டப்பாவை நீட்டு, அதுவே ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
மாமா