எப்ப பவுலிங் போடலாம்?

கிரிக்கெட் அகாடமியில் பிசியோவாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். வலக்கையால் வேகப்பந்து வீசும் 16 வயதுப் பையன் இடது விலாவைப் பிடித்துக்கொண்டு வருகிறான். பந்தை விட்ட நொடியில் ‘சுரீர்’ என்றதாம். சுளுக்கு என்று வீட்டில் தைலம் போட்டு உருவிவிடாமல் இருந்தால் நல்லது. புதிதாகக் கிழிந்த தசையை அழுத்தித் தேய்த்தால் ரத்தக்கசிவு கூடும்.

வீசும் கைக்கு எதிர்ப்பக்கம், கடைசி விலாக்களை ஒட்டி, ஒற்றை விரலால் காட்டுகிற இடத்தில் வலியா? வயிற்றின் பக்கவாட்டில் உள்ள உட்சாய்வுத் தசை (internal oblique) கிழிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் அவசரப்படாதீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, வலிக்கும் இடத்தை அழுத்தியபடி தலையையும் தோளையும் தூக்கச் சொல்லுங்கள். வலி கூடினால் தசை. குறைந்தால் உள்ளுறுப்பைச் சந்தேகியுங்கள். 1926இல் கார்னெட் என்ற மருத்துவர் விவரித்த சோதனை இது. இதை மட்டுமே நம்பவும் கூடாது. காய்ச்சல், வாந்தி, கல்லாக இறுகிய வயிறு, சிறுநீரில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைதான். அடிவயிறு வலிக்கிறது என்கிற பையனிடம் விதையில் வலி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். கூச்சத்தில் அவனாகச் சொல்லமாட்டான். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தாக வேண்டும்.

வளரும் வயதில் தசையைவிட அது ஒட்டியிருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பு பலவீனமானது. இடுப்பெலும்பின் விளிம்பில் வலி என்றால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள். கிழிசலின் அளவு அல்ட்ராசவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோ தெரியும்.

முதல் இரண்டு மூன்று நாள் ஓய்வும் ஐஸ் ஒத்தடமும். இருமினாலும் புரண்டு படுத்தாலும் வலிக்காத நிலை வந்த பிறகு, அசையாமல் வயிற்றை இறுக்கும் பயிற்சி. அப்புறம் உடம்பைத் திருப்பும் பயிற்சி. நின்ற இடத்திலிருந்து வீச்சு, அரை ரன்-அப், முழு ரன்-அப். வலித்தால் ஒரு படி கீழே இறக்குங்கள். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

கோச் விடமாட்டார். “சனிக்கிழமை செலக்‌ஷன். போடுவானா, மாட்டானா?” தேதி சொல்லாதீர்கள், படியைச் சொல்லுங்கள்: “இருமினாலே வலிக்குது சார். முழு வேகத்துல வலி இல்லாம போடட்டும், அப்புறம் மேட்ச் பேசலாம்.” 2022 விம்பிள்டனில் வயிற்றுத் தசை கிழிந்த டென்னிஸ் வீரர் நடால் அரையிறுதியே ஆடாமல் விலகினார் என்பதையும் நினைவுபடுத்தலாம். வலி மாத்திரை கொடுத்து இறக்கலாம் என்று யார் கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெற்றோரைக் கூப்பிட்டு அதே பதிலைச் சொல்லிவிட்டு, பையன் எந்தப் படியில் இருக்கிறான் என்று அன்றைக்கே ஃபைலில் எழுதி, கோச்சுக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.